திரையில் காட்டாத திருமணம்

சென்ற ஆண்டு ஒரு மாலை, நம் கல்லூரித் திரைப்பட மன்றத்தார் ஜப்பானியப் படம் ஒன்றைத் திரையிட்டனர். யசுஜிரோ ஓசு 1949-இல் இயக்கிய ‘பான்ஷுன்’ என்னும் படம் அது. பின்னிளவேனில் என்பது பெயரின் பொருள். தொடக்கத்தில் நிறைந்திருந்த அரங்கு முடிவில் பாதியாகிவிட்டது. பாட்டில்லை, சண்டையில்லை, யார்தான் இருப்பார்கள்!

கதை சிறியது. காமகுராவில் மனைவியை இழந்த பேராசிரியர் ஒருவர். அவரைப் பேணிவரும் இருபத்தேழு வயது மகள் நொரிகோ. அத்தை ஒரு வரன் பார்க்கிறாள். அப்பாவைத் தனியே விட்டுப்போக மகளுக்கு மனமில்லை. தானும் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகத் தந்தை ஒரு பொய் சொல்கிறார். அவள் இசைகிறாள்.

இத்தனைக்கும் மாப்பிள்ளை ஒரு காட்சியிலும் வருவதில்லை; திருமணமும் காட்டப்படுவதில்லை. மணக்கோலத்தில் தலைமறைப்போடு அமர்ந்திருக்கும் நொரிகோ, இத்தனை நாள் வளர்த்ததற்குத் தந்தைக்கு நன்றி கூறி வணங்குகிறாள். அடுத்து அவளிருந்த அறையில் ஆளில்லாத ஒரு கண்ணாடிதான் நிற்கிறது.

காட்டாமல் விட்டது என்ன என்று அறியும் ஆவலில் மறுநாளே நூலகம் சென்றேன். அந்தத் தலைமறைப்புக்கு ‘சுனோகாகுஷி’ என்று பெயராம். கொம்பை மறைப்பது என்று பொருள். பெண்ணின் பொறாமைக் கொம்பை மறைக்கவே அது என்று விளக்கம் சொல்கிறார்கள். ஆணுக்குக் கொம்பே கிடையாது போலும்! நிச்சயத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு அனுப்பும் ‘யுயினோ’ சீரில் பணம் உண்டு. வெண்சணல் நூலும் உண்டு. இருவரும் தலை நரைக்கும்வரை சேர்ந்து வாழ்க என்பது நூலின் பொருள். பணம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கேட்ட என் தோழி, “நாம் ஜப்பானில் பிறந்திருக்கலாமடி!” என்று பெருமூச்சு விட்டாள்.

சடங்கின் உயிர் ‘சான்சான்குதோ’. மூன்று கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் மும்முறை, ஆக ஒன்பது முறை மணமக்கள் அரிசி மதுவை அருந்துவர். இப்பழக்கம் பழையது. ஆனால் ஷின்தோ குருமார் முன்னிலையில் அதை நடத்தும் இன்றைய முறையோ, 1900-ஆம் ஆண்டு மே 10-இல் பட்டத்து இளவரசர் யொஷிஹித்தோவின் திருமணத்தையொட்டிப் பரவியது. அதற்குமுன் மாப்பிள்ளை வீட்டிலேயே மணம் நடப்பதுதான் பெருவழக்கு. யுகயுகமாக வருவது என்று நான் நினைத்திருந்த கோலத்துக்கு வயது ஒன்றேகால் நூற்றாண்டுதான்!

சட்டமும் மாறியது. 1898-இன் குடிமைச் சட்டப்படி குடும்பத் தலைவரின் ஒப்புதலின்றி மணமில்லை. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவோ, மணமக்கள் இருவரின் இசைவே போதும் என்றது. படம் வந்தது அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து. நொரிகோ வேண்டாமென்றால் தடுக்கச் சட்டமேதும் இல்லை. ஆயினும் போனாள். அத்தை கட்டாயப்படுத்தவில்லை, ஊர் வற்புறுத்தவில்லை. அப்பாவின் அன்பல்லவா அவளைத் தள்ளியது! அந்தப் பொய்யைத் தியாகம் என்று என் விரிவுரையாளர் சொன்னார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். முடிவு அவளுடையதாக இருந்திருக்கும்.

எனக்கும் அம்மா இல்லை. இது இறுதியாண்டு. வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. “என்னைப் பற்றி எண்ணாதே, எனக்கென்ன குறை?” என்று அப்பா அடிக்கடி சொல்கிறார். முன்பெல்லாம் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

படத்தின் முடிவில், திருமணம் முடிந்து இருண்ட வீட்டுக்குத் திரும்பும் தந்தை தனியே அமர்ந்து ஒரு பழத்தின் தோலைச் சீவுகிறார். தோல் நீளமாக இறங்கி விழுகிறது. கை நின்றுவிடுகிறது, தலை கவிழ்கிறது.

அன்றிரவு நான் வீடு சேர நேரமாகிவிட்டது. அப்பா எனக்குச் சோறு மூடிவைத்துவிட்டுத் திண்ணையில் காத்திருந்தார்.

“என்ன படம் அம்மா?”

“ஜப்பான் படம் அப்பா.”

“சுபமாக முடிந்ததா?”

“கல்யாணத்தில் முடிந்தது” என்றேன். தட்டை எடுத்துவந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவர் சாப்பிட்டாரா என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். சோற்றுப்பானையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்னொரு தட்டு வைத்தேன்.