இன்மையைக் கணக்கிடுதல்

இன்மை என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். குறளில் அது வறுமை. இலக்கணத்தில் இல்லாதிருத்தல். புள்ளியியலில் அதற்கு இன்னொரு வேலை உண்டு என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். "இங்கே விசேஷமாக எதுவும் நடக்கவில்லை, கண்ணில் படும் வேறுபாடு வெறும் தற்செயல்" என்று முதலில் வைத்துக்கொள்ளும் அனுமானத்துக்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர்.

பெண்களுக்கு இந்த அனுமானம் நன்றாகப் பழகியது. வீட்டிலும் வேலையிடத்திலும் நாம் எதைச் சுட்டிக்காட்டினாலும் முதலில் வரும் பதில் இதுதானே? ஆனால் புள்ளியியல் அந்தப் பதிலோடு பேச்சை முடித்துக்கொள்வதில்லை. "சரி, தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்கிறது.

எனக்கு இந்தக் கேள்வி என் ஆய்வு மாணவி வழியாக வந்தது. சேலம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். அவளுடைய பெரியம்மாவின் பெயர் போதும்பொண்ணு. தாலாட்டுகளிலும் சிறுகதைகளிலும் பெண்சிசுக்கொலை எப்படிப் பேசப்படுகிறது என்பது அவள் ஆய்வு. முன்னுரையில் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரு எண்ணைத் தந்திருந்தாள். ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண்கள். ஆய்வுக் கூட்டத்தில் ஒருவர் சிரித்தபடி கேட்டார்: "இயற்கையிலேயே ஆண் குழந்தைதானம்மா அதிகம் பிறக்குது? கொஞ்சம் கூடக்குறைய இருக்கத்தான் செய்யும்." அவள் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் இருவரும் எங்கள் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியையிடம் போனோம். அவர் கணினியைத் திறக்கவில்லை. இரண்டு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தார். "கம்ப்யூட்டர்ல போட்டா விடை மட்டும் வரும். கையால போட்டாத்தான் எந்த வரியில எது உட்காருதுன்னு தெரியும்" என்றார்.

முதல் வரி, எதிராளியின் வாதம். ஆண் குழந்தை அதிகம் பிறப்பது உண்மைதான். நூறு பெண்ணுக்கு ஏறத்தாழ 105 ஆண் என்பது இயற்கையின் கணக்கு. அதை அப்படியே ஒப்புக்கொண்டு எழுதினோம். 205 குழந்தைகளில் 100 பெண்.

இரண்டாவது வரி, எதிர்பார்ப்பு. நம்மிடம் இருப்பது 1,000 + 851, ஆக 1,851 குழந்தைகள். இயற்கையின் கணக்குப்படி இதில் பெண்கள் 1,851 × 100 ÷ 205 = 902.93.

மூன்றாவது வரி, கழித்தல். 851 − 902.93 = −51.93.

மாணவி பேனாவை நிறுத்திவிட்டாள். "அந்தப் புள்ளி தொண்ணூத்து மூணை என்ன மேடம் பண்றது?" யாரிடமும் பதில் இல்லை. கணக்கெடுப்பின் எந்தப் பத்தியிலும் அந்தப் பெண்கள் இல்லை. இருப்பவர்களைத்தானே எண்ண முடியும்? இல்லாதவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது இந்தக் கழித்தல் வரியில்தான்.

நான்காவது வரி, தற்செயலுக்குத் தர வேண்டிய சலுகை. நாணயத்தைச் சுண்டினாலும் நூற்றுக்குச் சரியாக ஐம்பது தலை விழாது. அந்த ஊசலாட்டத்தின் அளவுதான் திட்ட விலக்கம். 902.93-ஐ ஆண்களின் பங்கான 105/205 ஆல் பெருக்கினால் 462.48. அதன் வர்க்கமூலம் 21.5. கடைசி வரியில் −51.93-ஐ 21.5 ஆல் வகுத்தோம். வந்தது −2.41. இதுதான் சோதனைப் புள்ளியளவை. தற்செயல் தாராளமாகத் தாண்டிப்போகும் தூரத்தைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் நாம் நிற்கிறோம் என்று பொருள். வழக்கமான எல்லை 1.96. இவ்வளவு குறைவாகவோ இதைவிடக் குறைவாகவோ பெண்கள் இருப்பது தற்செயலாக நிகழ ஆயிரத்தில் எட்டு வாய்ப்புதான்.

பேராசிரியை அத்துடன் விடவில்லை. "105ஐ ஒத்துக்க மாட்டேன்னு சொன்னா? அவங்களுக்கு இன்னும் வசதியா 107 வெச்சுப் போடுங்க." போட்டோம். எதிர்பார்ப்பு 894.20 ஆகக் குறைந்தது. விடை −2.01. அப்போதும் எல்லையைத் தாண்டியே நின்றது.

இதுவும் 1,851 குழந்தைகள் மட்டுமே இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. 2001இல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சம். குழந்தைகளின் எண்ணிக்கை நூறு மடங்கானால் கழித்தல் வரியும் நூறு மடங்காகும், ஊசலாட்டமோ பத்து மடங்குதான் கூடும். அதாவது 1,85,100 குழந்தைகளிடையே இதே விகிதம் இருந்தால் விடை −24.1. அங்கே தற்செயல் என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது ஏன் என்பதும் அந்தத் தாளைப் பார்த்தபோது புரிந்தது.

ஆனால் இந்த எண் எதைச் சொல்லவில்லை என்பதிலும் நமக்குக் கவனம் வேண்டும். கருவிலா, பிறந்த பிறகா, மருத்துவம் மறுக்கப்பட்டா, கணக்கெடுப்பவரிடம் சொல்லாமல் விட்டா? −2.41 வாய் திறக்காது. தற்செயல் அல்ல என்பதுடன் அதன் சாட்சியம் முடிந்துவிடுகிறது. இத்தகைய சோதனையின் ஆரம்பகால உதாரணம் ஒன்றும் ஆண், பெண் பிறப்பைப் பற்றியதுதான். அரசி ஆனின் மருத்துவரான ஜான் அர்பத்நாட், லண்டனில் 1629 முதல் 1710 வரை நடந்த ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். 82 ஆண்டுகளிலும் ஆண்களே அதிகம். தற்செயலாக இப்படி நிகழ வாய்ப்பே இல்லை என்று கணக்கிட்டார், அது சரி. உடனே இது கடவுளின் ஏற்பாடு என்று முடித்தார். எண் தராத காரணத்தை, எண்ணின் பெயரால் சொன்னார்.

என் மாணவி அந்தத் தவறைச் செய்யவில்லை. ஆய்வேட்டில் 107 வைத்துப் போட்ட கணக்கைத்தான் சேர்த்தாள், எதிராளிக்கு ஆக வசதியானதை. கீழே ஒரே வாக்கியம் எழுதினாள்: 'இவ்வேறுபாட்டைத் தற்செயல் எனக் கொள்ள இயலாது.' அடுத்த பக்கத்திலிருந்து தாலாட்டுகள் தொடங்குகின்றன. யார், ஏன், எப்படி என்று அவை பேசுகின்றன.