பச்சை வெளிறும் சுவர்

பள்ளிச் சுவர்களில் பல்லுயிர்ப் பட்டைகள் தீட்டுவது எனக்கு மிகப் பிடித்த வேலை. 1970 முதல் 2020 வரை ஆண்டுக்கு ஒன்றாக 51 பட்டைகள். இடது ஓரத்தில் அடர்பச்சை, வலது ஓரத்தில் சாம்பல்: காட்டுயிர்களின் எண்ணிக்கை குறையக் குறையப் பச்சை வெளிறுகிறது. டெர்பி பல்கலைக்கழகப் பேராசிரியர் மைல்ஸ் ரிச்சர்ட்சன் 2022-இல் உருவாக்கிய வடிவம் இது. புவி வெப்பமாவதை 2018-இல் நீல, சிவப்புப் பட்டைகளாகக் காட்டிய எட் ஹாக்கின்ஸ் இதற்கு முன்னோடி.

சாம்பலுக்காகப் பச்சையில் கறுப்பைக் கலக்க மாட்டேன், அழுக்காகிவிடும். சிவப்பு ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் பச்சை மெல்ல உயிர் இழக்கும். அதன்பின் வெள்ளை. எமல்ஷன் காய்ந்ததும் சற்று அடர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கலவையையும் அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்த பிறகே சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டுவேன்.

பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்குள் வேறுபாடு சட்டென்று தெரியக் கூடாது. இழப்பும் அப்படித்தான் நடக்கிறது. போன வருடத்தைவிடத் தவளைச் சத்தம் குறைந்துவிட்டதென்று யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மனம் பதறுகிறது.

அந்தச் சரிவு 73 விழுக்காடு என்கிறது உலக இயற்கை நிதியத்தின் 2024 அறிக்கை. விலங்குகளில் 73 விழுக்காடு செத்துவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. கண்காணிப்பில் உள்ள சுமார் 35,000 முதுகெலும்பிக் கூட்டங்களின் எண்ணிக்கை சராசரியாக அவ்வளவு சரிந்திருக்கிறது. இந்த விளக்கத்தை ஆசிரியர்களிடம் தவறாமல் சொல்கிறேன்.

'ஏன் இப்படி வெளிறுது?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலும் சுவரில் இருக்க வேண்டும். அதனால் பட்டைகளை அடுத்து வெண்முதுகுப் பாறு கழுகை வரைகிறேன். சிறகு விரித்து முதுகு காட்டி நிற்கும்படி வரைந்தால்தான், கறுத்த உடலின் நடுவே அந்த வெள்ளை பளிச்செனத் தெரியும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் இந்த இனம் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. தமிழ்நாட்டின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இவை இன்றும் கூடு கட்டுகின்றன. காரணம் தெரிந்தால் காப்பாற்ற வழியும் உண்டு என்பதைப் பிள்ளைகள் இந்தப் பறவையிடம் படிக்கிறார்கள்.

இப்பட்டைகளைத் தீட்ட விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: நிறத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊரில் அருகிவரும் ஓர் உயிரையும், அது அருகியதன் காரணத்தையும் பக்கத்திலேயே தீட்டுங்கள்.