ஓடுவதும் ஓட்டுவதும்

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற வினைக்கு முதற்பொருள் கால்களால் விரைந்து செல்வது. அன்றாட வழக்கிலோ அது கால்களை விட்டு வெகுதூரம் போய்விட்டது. ஆறு பாய்வதற்கும் மூக்கு ஒழுகுவதற்கும், துவைத்த துணியில் சாயம் இறங்குவதற்கும் இதே சொல்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் இதை எடுத்துக்கொண்ட பீட்டர் கில்லிவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். அதுவரை பொருள் மிகுதிக்குப் பேர்போனது ‘செட்’.

இந்தப் பெருக்கத்துக்கு ஒரு காரணம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு ஒரு வினை, ஒன்றை ஓடச் செய்வதற்கு அதனோடு உறவுடைய வேறொரு வினை. தமிழில் ஓடு, ஓட்டு என்று இருப்பதைப் போல. காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன. அதனால் குதிரை ஓடுவதும் ‘ரன்’, கடை நடத்துவதும் ‘ரன்’, குளியல் தொட்டியில் நீர் நிரப்புவதும் ‘ரன்’. காய்ச்சல் கண்டவரைக்கூட ஆங்கிலம் உடல்சூட்டை ‘ரன்’ செய்பவராகவே பேசும். படுத்துக் கிடப்பவருக்கு எழுவாய்ப் பதவி! தமிழில் அடிப்பது காய்ச்சல்தான், ஆளல்ல.

பிறகு இயந்திரங்கள் வந்தன. நீராவி எஞ்சின், ரயில், கடைசியில் கணினி நிரல் என்று இயங்குவதெல்லாம் இந்த வினைக்குள் அடங்கியது. கடிகாரமும் திரைப்படமும் தமிழிலும் ஓடுகின்றன என்பதால் இந்தப் பகுதி தமிழருக்குச் சிரமம் தராது.

சிரமம் பின்னொட்டிவரும் சிறு சொற்களில். ‘ரன் அவுட்’ கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பு, சமையலறையில் பால் தீர்ந்துபோவது. தமிழைப் போலவே ஆங்கிலத்திலும் பாலை எழுவாயாக்கலாம். ‘ஆஃப்’ (of) சேர்த்தால் வீட்டாரையே எழுவாயாக்கலாம். ‘ரன் இன்டு’ என்றால் நண்பரை எதிர்பாராமல் சந்திப்பது. காரும் மரமும் என்றால் மோதல். ‘ரன் ஓவர்’ இன்னும் குழப்பம்: வண்டி ஏறிவிடுவது, கூட்டம் நேரம் கடந்து நீள்வது, குறிப்புகளை மேலோட்டமாகப் பார்ப்பது என மூன்றுக்கும் அதுவே. சூழலைத் தவிர வேறு துணையில்லை.

நாட்டுக்கு நாடு வழக்கும் மாறும். அமெரிக்க வேட்பாளர் பதவிக்கு ஓடுகிறார். பிரிட்டனின் மரபு வழக்கில் ‘ஸ்டாண்ட்’, அதாவது தேர்தலில் நிற்கிறார், தமிழ்நாட்டு வேட்பாளரைப் போலவே.