நான் வெட்டிய ஒரு சொல்

பத்திரிகைப் பணியில் நான் இட்ட தலைப்புகளுள் இன்றும் என்னை உறுத்துவது ஒன்றுண்டு. 1980களின் பிற்பகுதியில், கொழும்பில் இரவுப் பணியில் இருந்தபோது, தாவரச் சாறொன்று குருதிப்பெருக்கை நிறுத்துவதாக வெளிநாட்டுச் செய்தியொன்று வந்தது. அது எலிகளில் செய்யப்பட்ட சோதனை. ஒற்றைப் பத்தித் தலைப்பில் இடம் போதவில்லை. 'எலிகளில்' என்ற சொல்லை வெட்டிவிட்டேன்.

மறுநாள் ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய கணவருக்கு அடுத்த வாரம் ஈரலில் சத்திரசிகிச்சை. குருதி அதிகம் வெளியேறக்கூடும் என்று வைத்தியர்கள் கூறியிருந்தனராம். அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நான் விளக்கியதும், "அப்படியா தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பின்னரே இவ்விடயத்தைத் தேடி வாசிக்கலானேன். வெட்டுக்காயத்துக்கு மூக்குத்திப்பூண்டைக் கசக்கி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். கைக்காயத்தில் வைத்த இலையை மறுநாள் கழுவிவிடலாம். சத்திரசிகிச்சையில் அப்படியல்ல, குருதியை நிறுத்த வைத்த பொருளைப் பல வேளைகளில் உள்ளேயே விட்டுத் தைத்துவிடுவர். ஆகவே அது குருதியை நிறுத்துகிறதா என்பது பாதிக் கேள்விதான். பின்னர் அது உடலினுள் என்னவாகிறது என்பது மறுபாதி.

நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வேர்ஜீனியா பிரான்ற்ஸ் 1940களில் ஆராய்ந்தது அந்த மறுபாதியையும் சேர்த்துத்தான். சாதாரணப் பருத்திப் பஞ்சு உடலில் கரையாது. நைதரசன் ஈரொட்சைட்டினால் பதப்படுத்தினால் கரையும். அவ்வாறு ஒட்சியேற்றிய பஞ்சை விலங்குகளின் உடலினுள் வைத்து, அது உறிஞ்சப்படுவதை அவர் அவதானித்தார். அவ்வகைப் பொருள் இன்றும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் உண்டு. ஆனால் குருதியை உறிஞ்சி அது வீங்கும். முள்ளந்தண்டின் அருகே விட்டுவிட்டால் நரம்பை நசுக்கிக் கால்களை முடக்கவும் கூடும். அத்தகைய இடங்களில், குருதி நின்றதும் அதை எடுத்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் ஜோ லண்டோலினா என்ற மாணவர் பதினேழு வயதில் உருவாக்கத் தொடங்கிய பாசிக் களிம்பின் கதையும் நீண்டதுதான். அதற்கான நிறுவனம் 2010 இல் தொடங்கியது. மனிதரில் கடுமையான குருதிப்பெருக்குக்குப் பயன்படுத்த அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஆகஸ்டில்தான் இசைவளித்தது. அதுவும் வெளிக்காயங்களில் தற்காலிகமாகப் பயன்படுத்துவதற்கே. இச்செய்தியை வாசித்தபோது 'வெளிக்காயங்களில்' என்ற சொல் தலைப்பில் இருக்கிறதா என்றே என் கண் தேடியது.

அந்த அம்மையாரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய கணவர் பிழைத்தாரா என்பது எனக்குத் தெரியாது.