எத்தனை பேர்?

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு காலியாகப் போவது புரோக்கருக்கும் முன்னால் இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரிந்துவிடும். துணி வாங்கப் போகிற வீட்டின் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. "மூணாவது பில்டிங், ரெண்டாவது மாடி. பையனுக்கு பெங்களூர்ல வேலையாம், மாசக் கடைசில போறாங்க" என்று இஸ்திரிப் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே சொல்வார். டு-லெட் போர்டு தொங்கும் வரை காத்திருந்தால் இந்தப் பக்கம் வீடு கிடைக்காது. போர்டு மாட்டிய அன்றைக்கே மாலையில் அட்வான்ஸ் கைமாறியிருக்கும்.

மூன்று மாதமாக நான் அவரைத்தான் நம்பியிருக்கிறேன். எட்டு வருடமாகக் குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் பில்டருக்குக் கொடுக்கிறார். ஆடி பிறப்பதற்குள் போய்விட வேண்டும். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் ஆனி மாதம் முழுக்க இந்தத் தெருக்களில் என்னைப் போல் அலைகிறவர்களைப் பார்க்கலாம். கையில் செல்போன், தலை மட்டும் அண்ணாந்து மாடிகளைப் பார்த்தபடி. கொடியில் துணி இல்லாத பால்கனி தெரிந்தால் நின்றுவிடுவோம்.

எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தனை பேர்?"

"நாலு பேர். நாங்க ரெண்டு பேர், காலேஜ் படிக்கிற பொண்ணு, எங்கம்மா."

"அம்மாவுக்கு என்ன வயசு?"

"78."

போனில் அதற்குப் பிறகு ஒரு மௌனம் வரும். அதன் நீளத்தை வைத்தே பதில் எனக்குத் தெரிந்துவிடும்.

1984-இலும் இதே கேள்விதான். அப்போது எனக்கு 9 வயது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு லேக் வியூ ரோட்டில் நடந்தார், அம்மா இடுப்பில் தம்பியோடு பின்னால் வந்தாள். "ஏரி எங்கப்பா?" என்று கேட்டேன். அப்பா கிழக்கே ரயில்வே லைன் பக்கம் கையைக் காட்டி, "அந்தப் பக்கம் கடைகளாயிடுச்சு" என்றார். அவர் சொன்னது சரி என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். வீட்டுக்கு இடம் போதவில்லை என்று ஒரு ஏரியையே காலிசெய்த ஊர் இது. ஏரி போய் நூறு வருடமாகியும் சாலையின் பெயரில் அது மிச்சமிருக்கிறது.

அன்று பார்த்த வீடு நாலு குடித்தனம். நடையைத் தாண்டினால் முற்றம், முற்றத்தைச் சுற்றி நாலு போர்ஷன், கொல்லையில் ஒரு கிணறு, ஒரு அடிபம்பு, நாலு குடும்பத்துக்கும் இரண்டு கக்கூஸ். வாடகை 350 ரூபாய், அட்வான்ஸ் 3,500. முறைவாசல் வாரம் ஒரு வீடு. அதாவது வாசல் தெளித்துக் கோலம் போட்டு நடையைப் பெருக்கித் துடைக்கிற முறை. (இன்றைக்கு ஃபிளாட்டுகளில் மாடிப்படி பெருக்கவும் விளக்கு எரியவும் வாங்குகிற பணத்துக்கும் இங்கே சிலர் முறைவாசல் என்றுதான் சொல்கிறார்கள். கோலப்பொடி வாளியோடு அம்மா குனிந்து நிற்பதுதான் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வருகிறது.)

வீட்டுக்கார மாமி இரண்டு கேள்வி கேட்டார். எத்தனை பேர்? சைவமா? "நாலு பேர் மாமி. சைவம்தான்" என்றார் அப்பா. இரண்டுமே பொய். நாங்கள் மாயவரத்துக்குக் கிழக்கே, கடலோரத்துக்காரர்கள். வீட்டில் ஐந்து பேர். ஐந்தாவது ஆள், அப்பாவைப் பெற்ற பாட்டி, பழைய வீட்டுத் திண்ணையில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் குடிபோன ஒரு வாரம் கழித்துப் பாட்டி ஒரு மஞ்சள் பையோடு, ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்தவளாக வந்து இறங்கினாள். நடுவில் அந்த ஒரு வாரம் பல்லாவரத்தில் தூரத்து உறவு வீட்டில் இருந்தாள். அதன் பிறகு ஐந்து வருடம் அந்த வீட்டில் விருந்தாளியாகவே இருந்தாள். "ஊருக்கு எப்போ பாட்டி?" என்று மாமி கேட்டால், "தாளடி அறுப்பு முடியட்டும்னு இருக்கேன்" என்பாள். தாளடி முடிந்தால் குறுவை. கிணற்றடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, விடிவதற்கு முன்பே குளித்துவிடுவாள். அரை வாளித் தண்ணீரில் குளியலும் துவையலும் முடிந்துவிடும். அவள் புடவை கொடியில் தொங்கி நான் பார்த்ததில்லை. உள்ளே, எங்கள் அறையில், ஆணிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் காயும்.

கருவாட்டை அவள் வாயைத் திறந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மாமியை நான் குறை சொல்லவில்லை. ஒரு கிணற்றை நம்பி நாலு குடும்பம் இருக்கிற வீட்டில் ஆள் கணக்கு என்பது குடக் கணக்கு. கோடையில் கிணற்றில் கயிற்றுக்கு மேல் கயிறு முடிந்து இறைத்த மாதங்கள் உண்டு. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்தபோது, இப்போதிருக்கும் வீட்டுக்காரரே மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு வீட்டிலும் தலைகளை எண்ணிவிட்டுப் போனார். லாரித் தண்ணீர்க் காசைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். அம்மா தன் பங்குக் காசைத் தனியாக என்னிடம் நீட்டினாள். வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டேன்.

2007-இல் வீடு தேடியபோது அம்மா எங்களோடு இல்லை, அப்பா உயிரோடிருந்தார். நான், கணவர், இரண்டு வயது மகள். ஆள் கணக்கு குறைவுதான், ஆனாலும் கிடைக்கவில்லை. அந்த வருடம் ஐ.டி. கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் நாலு பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்தார்கள். போன வாரம் ஆறாயிரம் சொன்ன வீடு இந்த வாரம் எட்டாயிரம். கணவருக்கு ராயப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை. "எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள். அச்சகம் என்றதும் சாவிக்கொத்து மறுபடி இடுப்பில் செருகப்படும். செழியன் எடுத்த 'டு லெட்' படத்தின் கதையும் அதே 2007-இல்தான் நடக்கிறது. அதைத் தியேட்டரில் பார்க்கும்போது பாதியில் கணவர் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டார்.

சட்டம் ஒன்று வந்தது. 1960-ஆம் வருட வாடகைச் சட்டத்தை மாற்றி 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் இன்றும் பத்து மாதம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். காலிசெய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் நிற்கவில்லை. வயதானவர்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்பவரைக் கேட்க அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. எனக்கு இன்றைக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

ஏன் கொடுக்க மாட்டார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு புரோக்கர் மட்டும் மனசு கேட்காமல் சொன்னார். "அடைப்புக்குப் பயப்படுறாங்கம்மா." தனிஷ்டா பஞ்சமி. அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் ஓர் உயிர் போனால் ஆறு மாதம் அந்த இடத்தை அடைத்துவைக்க வேண்டும் என்கிற நம்பிக்கை. ஆறு மாத வாடகை போகும், அப்புறமும் வீட்டுக்குப் பேர் வந்துவிடும். 78 என்று நான் சொல்லும்போது அவர்கள் காதில் விழுவது அதுதான்.

தரைத்தளம் கிடைத்தால் அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தரைத்தளத்தைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. போன வாரம் பார்த்த வீட்டில் சுவருக்குப் புது டிஸ்டம்பர் அடித்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்து வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும், இடுப்புயரத்தில் சுவர் நெடுக ஒரு கோடு தெரிந்தது. அம்மா அதன் மேல் விரலை ஓட்டியபடி அறையைச் சுற்றி வந்தாள். "ஏரி வந்துட்டுப் போயிருக்குடி" என்றாள். புதிதாகக் கட்டுகிற கட்டடங்களிலோ கீழே வீடே இல்லை. தூண்களை எழுப்பிக் கார்களுக்கு விட்டுவிடுகிறார்கள். லிஃப்ட் வைத்த புதுக் கட்டடத்தின் வாடகை எங்களுக்கு எட்டாது. மிச்சமிருப்பது லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட்டின் முதல் மாடியும் இரண்டாம் மாடியும்தான்.

இந்தப் பேட்டையை விட்டு வெளியே போகலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஊரப்பாக்கத்தில் இதே வாடகைக்கு விசாலமாகக் கிடைக்குமாம். கிடைக்கும். ஆனால் அம்மாவுக்கு அயோத்தியா மண்டபம் பக்கத்துப் பூக்காரி வேண்டும், ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டினால் திறக்கிற டாக்டர் வேண்டும், கடனுக்குக் காய் கொடுக்கிற தள்ளுவண்டி வேண்டும். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையில் மாலையில் போய் நின்று, கீழே ரங்கநாதன் தெருக் கூட்டத்தைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். 40 வருடம் ஓர் இடத்தில் வாழ்ந்தவளை 78 வயதில் பிடுங்கி நட எனக்கு மனசு வரவில்லை.

பாட்டியை அப்படித்தான் பிடுங்கிக்கொண்டு போனோம். 1989-இல் அவள் படுத்த படுக்கையானாள். இரண்டு நாள் பொறுத்து மாமி ஒரு டம்ளரில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலைப்படியிலேயே நின்று, "ஊருக்கு அழைச்சிண்டு போயிடுங்கோளேன். அவாளுக்கும் அதுதான் ஆசையா இருக்கும்" என்றார். கஞ்சியில் உப்பு அளவாகப் போட்டிருந்தார், கெட்டவர் இல்லை. அன்று ராத்திரியே அப்பா பாட்டியை எழும்பூருக்கு ஆட்டோவில் வைத்துக்கொண்டுபோய், ரயில் பெட்டியில் தூக்கிக் கிடத்தினார். ஆட்டோ புறப்படும்போது பாட்டி மாமியைப் பார்த்து, "ரொம்ப நாள் இருந்துட்டேன்" என்றாள். ஊரில் அத்தை கருவாட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு கவளம் சாப்பிட்டாளாம். பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

போன மாதத்திலிருந்து மத்தியானங்களில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறது என்று மகள் சொன்னாள். ஒருநாள் லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்தபோது பார்த்தேன். அம்மா மொட்டைமாடி வரை ஏறி, இறங்கி, மறுபடி ஏறினாள். கைப்பிடியைத் தொடவில்லை. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இஸ்திரிக்காரர் சொன்ன இரண்டாவது மாடியை நேற்று பார்க்கப் போனோம். அம்மா கூடவே வந்தாள். வீட்டுக்காரர் கீழே கேட்டருகில் சாவியோடு நின்றிருந்தார். அம்மா எனக்கு முன்னால் ஏறினாள். "மாமரமா சார் அது? காய்க்குமா?" என்று ஏறிக்கொண்டே கேட்டாள், மூச்சு வாங்காத குரலில். படி திரும்புகிற இடத்தில், அவர் பார்வை எட்டாத சுவருக்குப் பின்னால், ஒரு நிமிடம் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தோளில் அவள் விரல்கள் அழுந்தின.

வீடு நன்றாக இருந்தது. சமையலறை கிழக்குப் பார்த்தது. அம்மா நேராகப் போய்க் குழாயைத் திறந்து, எந்த வீட்டைப் பார்த்தாலும் செய்வதுபோல், கையைக் கீழே வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரர் பின்னால் வந்து கேட்டார். "எத்தனை பேர்?"

"மூணு பேர்" என்றாள் அம்மா, திரும்பாமலே. "நான் ஊர்லேர்ந்து வந்திருக்கேன் சார். அடுத்த மாசம் போயிடுவேன்."

எங்களுக்கு ஊரில் இப்போது வீடு இல்லை. நிலமும் இல்லை.

"நாலு பேர் சார்" என்றேன். "அம்மா எங்களோடதான் இருக்காங்க. 78 வயசு."

அவர் அம்மாவின் முதுகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா குழாயை மூடவில்லை. தண்ணீர் நல்ல வேகமாக வந்துகொண்டிருந்தது.