பேய்க்கரும்பிலிருந்து ஓர் அஞ்சலட்டை



முற்காலத்தில் வெளியூர் செல்வோர், அவ்வூரின் நினைவுச் சின்னம் அச்சிடப்பட்ட பட அஞ்சலட்டையில் இரண்டு வரி எழுதி வீட்டிற்கு அனுப்புவார்கள். 1961-ல் முதன்முதலாக விண்வெளிக்குச் சென்ற யூரி ககாரின் வளர்ந்த ருசிய நகரம், 1968-ல் அவர் காலமானபின் அவருடைய பெயரையே சூடிக்கொண்டது. அங்குள்ள அவரது சிலையும் அத்தகைய அட்டைகளில் இடம்பெற்றது. நம் தமிழ் மண்ணிலிருந்து அப்படி ஓர் அட்டை அனுப்ப வேண்டுமானால், ராமேசுவரம் தீவின் பேய்க்கரும்பிலிருந்து அனுப்பலாம்.

பாம்பன் பாலத்தைக் கடந்து, தங்கச்சிமடம் வழியாகச் செல்லும் சாலையில், ராமேசுவரம் நகருக்குச் சற்று முன்னதாகப் பேய்க்கரும்பு இருக்கிறது. 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் உரையாற்றுகையில் சரிந்து விழுந்து காலமான டாக்டர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம், ஜூலை 30-ல் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். 2017-ல் நினைவிடம் திறக்கப்பட்டது. அதன் முகப்பு டில்லியின் இந்தியா கேட்டையும், பின்புறம் குடியரசுத் தலைவர் மாளிகையையும் ஒத்திருக்கின்றன. டில்லிக்குச் சென்ற மகனுக்காக டில்லியின் தோற்றமே அவருடைய ஊரைத் தேடி வந்திருக்கிறது, பாருங்கள்!

அவர் 1931-ல் ராமேசுவரத்தின் பள்ளிவாசல் தெருவில், படகு வைத்திருந்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்க உதவிய சிறுவன் அவர். பின்பு ராமநாதபுரத்தில், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் பெயர் தாங்கிய பள்ளியில் பயின்றார். அங்கே தம்மை ஊக்குவித்த ஆசிரியர் ஐயாதுரை சாலமோனைத் தமது 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியோடு நினைவுகூருகிறார்.

அவருடைய பாதை எளிதாயிருக்கவில்லை. அவர் திட்ட இயக்குநராயிருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1979 ஆகஸ்டு 10-ல் வங்கக் கடலில் விழுந்தது. அன்று தலைவர் சதீஷ் தவான் அத்தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றுச் செய்தியாளர்முன் நின்றார். 1980 ஜூலை 18-ல் அதே வகை ராக்கெட், 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அப்போது பேசும் வாய்ப்பைத் தவான் கலாமுக்குக் கொடுத்தார். தோல்வியைத் தாம் சுமந்து, வெற்றியை இளையவருக்குக் கொடுத்த தலைவர் அவர்!

அந்தமானில் குடியேறி வாழும் நம்மவர்களுக்கும் இது அந்நியமான கதையன்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பும் ராக்கெட்டுகள் அதே வங்கக் கடலின் மேல் பறக்கையில், அவை அனுப்பும் சமிக்ஞைகளைப் பெறும் இஸ்ரோ நிலையங்களில் ஒன்று போர்ட் பிளேயரில் இருக்கிறது. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அதே நகரந்தான்.

பிரியமானவர்களே, பிழைப்பிற்காக நாமும் ஊரைவிட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகளில் பலருக்குச் சொந்த ஊர் என்பது விண்ணப்பப் படிவத்தில் நிரப்பும் ஒரு பெயர் மாத்திரமே. அடுத்த விடுமுறையில் அவர்களை ஊருக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் படித்த பள்ளியைக் காட்டுங்கள். உங்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் உயிரோடிருந்தால், பிள்ளைகளோடு அவர் வீட்டுப் படியேறுங்கள். போக இயலாதவர்கள் இன்றே ஓர் அஞ்சலட்டை எழுதலாமே! நினைவுச் சின்னம் எல்லாருக்கும் எழும்புவதில்லை. நன்றி சொல்லவேண்டிய ஒருவராவது நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.