அம்மா விட்டுக்கொடுத்த சீட்டு

மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்வதும் அதைக் கற்பிப்பதும்தான் என் வேலை. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் மனம் மலேசியாவில் என் ஊரான பாகான் செராய்க்குப் போய்விடும். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வுதான் அந்தப் பாடம். 464 விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோதும், அறுவடைக்குப் பின் கையில் காசு வந்தபோதும் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். முடையில் தடுமாறிய அதே ஆள், காசு வந்ததும் தெளிவாக யோசித்தார். ஏழைக்குப் புத்தி போதாது என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பாகான் செராய் இருக்கும் எங்கள் கிரியான் வட்டாரத்திலும் ரப்பருக்கு முன்னால் கரும்பு இருந்தது. நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். கடைக் கணக்கு ஏறிப்போன மாதக் கடைசியில் வீட்டுக்கு வீடு சண்டை. அந்த முடையைத் தாண்ட எங்கள் பெண்கள் கூட்டு பிடித்தார்கள்: மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, குலுக்கலில் பெயர் வருபவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் சீட்டு. 1971-இல் மலேசியாவில் கூட்டு நிதிக்குத் தடைச் சட்டமே வந்தது. ஊரில் கூட்டில் பணத்தைப் பறிகொடுத்தவர்களை நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் எங்கள் லயத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

சம்பளத்துக்கு மறுநாள் சாயங்காலம் வாசலில் பாய் விரிப்பார்கள். பால் வாடை போகாத கைகள். மைலோ டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். ஒருமுறை அம்மா பெயர் வந்தது. எங்களுக்குப் பள்ளிச் செலவு காத்திருந்தது. அம்மா பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்தார்.

“யக்கா, மகளுக்குப் பரிசம் வச்சிருக்கீங்க. நீங்க எடுத்துக்குங்க. நான் அடுத்த மாசம் பாத்துக்கிறேன்.”

வரவு தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பின் வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். உண்மைதான். பணத்தை அந்தப் பக்கம் நகர்த்தியபோது அம்மா முகத்தில் அந்த வலியைப் பார்த்தேன். ஆனாலும் நகர்த்தினார்.

தோட்டம் இப்போது செம்பனை. லயத்துச் சனம் ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில். அந்த வறுமை யாருக்கும் வேண்டாம். ஆனால் ஒருவர் முடையை எல்லோரும் அறிந்து, பேசி முடிவெடுத்த அந்தச் சாயங்காலங்கள் எனக்கு வேண்டும். ஆய்வாளர்களான நாங்களோ ஆய்வுக்கூடத்தில் முன்பின் தெரியாதவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து, இன்னொருவருக்கு எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்கிறோம். அந்த அக்காமாரை ஒருநாளாவது என் வகுப்புக்கு அழைத்து வந்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, “அன்னைக்கு எப்படிம்மா முடிவு பண்ணீங்க?” என்று என் மாணவர்களைக் கேட்க வைத்திருக்க வேண்டும்.